பால்புட்டியும் பந்தய எஞ்சினும்

சத்தம் கூடினால் வேகம் கூடும் என்று நம்புகிறவர்களை வைத்து நாகர்கோவிலில் தனியாக ஒரு பஞ்சாயத்தே நடத்தலாம். சாயங்காலம் என் கடை வாசலில் நின்றால் வரிசையாகப் பார்க்கலாம். புது வண்டி வாங்கிய மறுநாள், கம்பெனிக்காரன் வருடக்கணக்காக மண்டையை உடைத்துச் செய்த சைலன்ஸரைக் கழற்றிப் பரணில் போட்டுவிடுவான். ஆன்லைனில் வரவழைத்த குட்டைக் குழாயை அந்த இடத்தில் மாட்டுவான். பிறகு வண்டி நாற்பதில் போகும், சத்தம் நூற்றிருபதில் போகும். முன்னால் போகும் மீன் வண்டியை முந்த முடியாது. ஆனால் ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவன் எழுந்து உட்கார்ந்துவிடுவான்.

நான் இருசக்கர வாகனங்களுக்கு உதிரிபாகம் விற்கிறவன். இருபது வருடத்துக்கு மேலாகக் கவுண்டருக்குப் பின்னால் நின்று, சாலையில் போகிற சத்தத்தைக் கேட்டே வயிறு வளர்த்திருக்கிறேன். வண்டி வாசலில் வந்து நிற்பதற்குள், போயிருப்பது செயினா, கிளட்சா, டேப்பெட்டா என்று சொல்லி, பொருளை எடுத்துக் கவுண்டரில் வைத்துவிடுவேன். பத்தில் ஏழு சரியாக இருக்கும். மீதி மூன்றை நான் யாரிடமும் சொல்வதில்லை. இப்படிச் சேர்த்த பெயரில் நான் கொஞ்சம் பெருத்துப் போயிருந்தேன். வயிறும் கூடவே பெருத்திருந்தது, அது பின்னால் வரும்.

எனக்குப் பிடித்தது பழைய டூ ஸ்ட்ரோக் எஞ்சின். வால்வு கிடையாது, கேம் கிடையாது. சிலிண்டர் சுவரில் நாலைந்து ஜன்னல்கள். பிஸ்டன் ஏறி இறங்கும்போது அந்த ஜன்னல்களை மூடித் திறக்கிறது. அவ்வளவுதான் எஞ்சின். ஆனால் அந்த ஜன்னலின் மேல் விளிம்பை ஒரு மில்லிமீட்டர் ராவி உயர்த்தினால் வண்டியின் குணமே மாறிவிடும். இன்னும் அரை மில்லிமீட்டர் ராவினால் எடைக்குப் போட வேண்டியதுதான். பந்தய வண்டியின் புகைக்குழாய் நடுவில் வீங்கி, முடிவில் ஒடுங்கி, இரை விழுங்கிய பாம்பு மாதிரி இருக்கும். வெளியே போகிற அழுத்தம் அந்த ஒடுங்கிய முனையில் முட்டித் திரும்பி வந்து, தப்பி ஓடப் பார்க்கும் பெட்ரோல் காற்றைத் திரும்ப சிலிண்டருக்குள் தள்ளும். தாளம் சரியாக விழுந்தால்தான் இது நடக்கும். அதுவரை வண்டி தகரத்தில் கல் போட்டுக் குலுக்கியது மாதிரி கடகடத்துக்கொண்டிருக்கும். தாளம் சேர்ந்த கணத்தில் கடகடப்பு ஒரே கம்பியாக நீண்டு வீலென்று உச்சிக்குப் போகும். அந்தக் கணம் முதுகுத்தண்டில் ஏறும். குட்டைக் குழாய்க்காரனுக்கு அது இந்த ஜென்மத்தில் கிடைக்காது.

அப்படி ஓர் எஞ்சினை ஆறு மாதமாக ஒருவன் செய்துகொண்டிருந்தான். மணவாளக்குறிச்சிப் பக்கம் தகரக் கொட்டகை போட்டிருக்கும் மெக்கானிக். என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவன். காலையில் மீன்பிடி வள்ளங்களின் அவுட்போர்டு எஞ்சின்களைப் பழுது பார்ப்பான், மதியத்துக்கு மேல் பந்தய வண்டி. அவுட்போர்டும் டூ ஸ்ட்ரோக்தான். உப்புத் தண்ணீரில் செத்த எஞ்சின்களை உயிர்ப்பித்துக் கற்ற வித்தை அவனுடையது. பேச மாட்டான். பேச்சை நான் பார்த்துக்கொண்டேன்.

பந்தயத்துக்கு ஒரு வாரம் முன்பு கடைக்கு வந்து, பிஸ்டன் ரிங் வாங்கிக்கொண்டே விஷயத்தைச் சொன்னான். களியக்காவிளைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில் பந்தய டீம் வைத்திருக்கும் ஒருவர் இவனுடைய வண்டியைப் பார்க்க வருகிறாராம். பிடித்திருந்தால் அந்த டீமின் எஞ்சின்கள் எல்லாவற்றையும் செய்யும் வேலை இவனுக்கு.

"ஜெயிக்கணும்னு ஒண்ணும் இல்லண்ணே. பத்து ரவுண்டும் ஒரே சத்தமா ஓடி முடிச்சா போதும். அவரு அத கேக்கதுக்குதான் வாறாரு."

"அவருக்குப் பிடிக்கலன்னா?"

"மஸ்கட்டு. விசா வந்தாச்சு. லாரிக்கி டயர் மாத்தணும்."

காற்றழுத்தத்தை வைத்துச் சங்கீதம் வாசிக்கிறவன் லாரி டயருக்குக் காற்று அடிக்கப் போவதா! "நான் வருகேன் மக்கா. எல்லாத்தையும் நான் பாத்துக்கிடுகேன்" என்றேன். அன்றைக்கு அவன் என்னைக் கடைக்குள் வைத்துப் பூட்டிவிட்டுப் போயிருக்க வேண்டும்.

பந்தயம் ஞாயிற்றுக்கிழமை காலை, சுசீந்திரத்துக்குப் பக்கத்தில். வயலில் செம்மண் அடித்து மனைகளாகப் பிரித்துவிட்டு, வாங்க ஆள் வராமல் கிடந்த இடம். மஞ்சள் எல்லைக் கற்களைப் பிடுங்கி ஓரமாக அடுக்கி, டயர்களைப் போட்டு வளைவு வைத்திருந்தார்கள். 'இருபதடி தார்ச்சாலை' என்று எழுதிய பலகைக்குக் கீழேதான் பந்தயம் தொடங்கும் கோடு. பக்கத்து வயலில் இன்னும் நெல் நின்றது. கொக்குகள் எங்களைவிட அடக்கமாக இருந்தன.

மெக்கானிக் எனக்கு ஒரு டீ சர்ட் கொடுத்தான், முதுகில் அவனுடைய பட்டறை முத்திரை. அவன் அளவுக்குத் தைத்தது. அதற்குள் நான் நுழைந்ததைத் தலையணை உறைக்குள் மெத்தை நுழைந்த கதை என்று வைத்துக்கொள்ளுங்கள். கறுப்புக் கண்ணாடி வேறு. அந்தக் கோலத்தில் மற்ற வண்டிகளைப் பார்வையிடக் கிளம்பினேன். ஒருவன் வண்டி முழுக்க ஸ்டிக்கர். எந்தெந்தக் கம்பெனி எண்ணெயோ ஒட்டியிருந்தான், உள்ளே ஊற்றியிருந்ததோ பெட்டிக்கடை எண்ணெய். "ஸ்டிக்கர் வெயிட்டுக்கே வண்டி ரெண்டு ரவுண்டு பிந்தும் பிள்ளே" என்றேன். இன்னொருவன் நிற்கிற வண்டியைச் சும்மா முறுக்கிக்கொண்டே இருந்தான். "ஏலே, அது என்ன பந்தயமா, பால் காய்ச்சுகியா?" நாலு பேர் சிரித்தார்கள். நாலு பேர் சிரித்தால் எனக்குப் போதும், வேலை வெட்டி மறந்துவிடும்.

எனக்கு இருந்ததோ ஒரே ஒரு வேலை.

சாலையில் ஓடும் டூ ஸ்ட்ரோக் வண்டியில் எஞ்சினுக்கான எண்ணெய்க்குத் தனி டப்பா, அதை அனுப்பத் தனி பம்ப் உண்டு. பந்தய வண்டியில் எடையைக் குறைக்க அதையெல்லாம் கழற்றி எறிந்துவிடுவார்கள். எண்ணெயைப் பெட்ரோலிலேயே கலந்து டேங்கில் ஊற்ற வேண்டும். மூன்று லிட்டருக்கு நூற்றிருபது மில்லி. அளக்க மெக்கானிக் வைத்திருந்தது குழந்தைகளின் பால்புட்டி. அதைவிடத் துல்லியமான அளவு எந்தப் பட்டறையிலும் கிடையாது. எண்ணெய் போடாமல் ஓட்டினால் பிஸ்டன் சூடேறிச் சிலிண்டரைக் கடித்துக்கொள்ளும். ஆறு மாத வேலை ஆறு நிமிடத்தில் முடிந்துவிடும்.

அதனால் மெக்கானிக் வள்ளக்காரர்களின் வழக்கம் ஒன்றைப் பிடித்து வைத்திருந்தான். கலக்கியவன் "எண்ணெ போட்டாச்சு!" என்று எல்லாரும் கேட்கக் கத்த வேண்டும். ஓட்டுகிறவன் "கேட்டாச்சு!" என்று திரும்பக் கத்த வேண்டும். கடலில் பாதி தூரம் போய் எஞ்சின் பிடித்துக்கொண்டால் இறங்கித் தள்ள முடியாதில்லையா, அதனால் வந்த வழக்கம். வண்டி ஓட்டுகிறவனும் கடற்கரைப் பையன்தான். இருபத்தெட்டு வயது, தினமும் விடிகாலையில் வள்ளத்தில் எண்ணெய் கலந்து கத்துகிறவன். அவனுக்கு அது சாதாரணம். எனக்கோ கேவலமாக இருந்தது. இத்தனை பேர் பார்க்க, கறுப்புக் கண்ணாடி போட்ட மனிதன் பள்ளிக்கூடத்து ஆஜர் மாதிரி கத்துவதா?

கேனில் கலந்தேன், குலுக்கினேன், டேங்கில் ஊற்றினேன். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. அப்போது என் கவனமெல்லாம் மைக் பிடித்தவன் மேல் இருந்தது. "இதோ சீறிப் பாயக் காத்திருக்கும் சிங்கங்கள்" என்று அவன் சொல்ல, "சிங்கத்துக்குக் கார்புரேட்டர் எங்கலே இருக்கு?" என்று நான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். கத்த மறந்துவிட்டேன். ஊற்றியதையும் சேர்த்து மறந்துவிட்டேன்.

வண்டிகள் கோட்டில் போய் நின்றன. கொடி அசைக்க வேண்டிய பெரிய மனிதர் இன்னும் வந்து சேரவில்லை. ஓட்டுகிறவன் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு சொன்னான்:

"அண்ணே, நீங்க கத்துனது எனக்குக் கேக்கலியே. எண்ணெ போட்டியளா?"

"பின்ன போடாமயா? இருபது வருசமா என்னத்தல வித்துட்டு இருக்கேன்?"

அவன் தலையை ஆட்டினான். நம்பிவிட்டான். சொல்லி வாயை மூடிய பிறகுதான் எனக்கே சந்தேகம் வந்தது. போட்டேனா?

யோசித்தேன். கேனைத் திறந்தது நினைவிருக்கிறது. சிங்கம் நினைவிருக்கிறது. பால்புட்டி? எங்கள் கூடாரத்துக்கு ஓடிப் பார்த்தேன். காலியாகக் கிடந்தது, உள்ளே எண்ணெய்ப் பிசுக்கு. இன்றைய பிசுக்கா, நேற்று ஒத்திகையில் வந்த பிசுக்கா? பிசுக்குக்குத் தேதி கிடையாது. டீ சர்ட் நனைந்து முதுகோடு ஒட்டியது. மஸ்கட்டில் ஒரு லாரி என் கண்முன்னால் நின்றது. பதினாறு டயர். அத்தனையிலும் காற்று இல்லை.

டேங்கைத் திறந்து ஒரு விரலை நனைத்துத் தேய்த்துப் பார்த்தால் போதும். எண்ணெய் இருந்தால் வழுக்கும். நெல் அறுக்கிறவனுக்குக்கூடத் தோன்றியிருக்கும். காதை வைத்தே எஞ்சினுக்கு ஜாதகம் கணிக்கும் எனக்குத் தோன்றவில்லை. நடுக்கம் மூளையை எடுத்துக்கொண்டு போயிருந்தது. மிச்சமிருந்த துளியை வைத்து இப்படிக் கணக்குப் போட்டேன்: எண்ணெய் குறைந்தால் எஞ்சின் சாகும், கூடினால் புகைதானே வரும், வரட்டும்.

ஓட்டுகிறவன் நிழலுக்குப் போய்ச் சிலுவை போட்டுக்கொண்டிருந்தான். மெக்கானிக் சற்று தூரத்தில், வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவரிடம் பணிவாக நின்றுகொண்டிருந்தான். அவர்தான் அந்த டீம்காரர். நான் பால்புட்டியில் நூற்றிருபது மில்லி நிரப்பி டீ சர்ட்டுக்குள் ஒளித்துக்கொண்டு போனேன். ஏற்கெனவே இடமில்லாத சட்டை. ஒரு பக்கம் மட்டும் பிள்ளைத்தாய்ச்சி மாதிரி தெரிந்திருப்பேன். டேங்க் மூடியைத் திறந்தேன், கவிழ்த்தேன், மூடினேன். என்றும் இல்லாத அக்கறையோடு மூடியைத் துடைக்கவும் செய்தேன்.

குலுக்கவில்லை. கோட்டில் நிற்கும் வண்டியை எப்படிக் குலுக்குவது?

பெரிய மனிதர் வந்தார், கொடி அசைந்தது, பத்து வண்டிகள் கிளம்பின. முதல் வளைவுக்குப் பிறகு நம்முடைய வண்டியின் கடகடப்பு நீண்டு வீலென்று ஏறியது. மைக்காரன் வாயை மூடினான், அவன் வாழ்நாளில் முதல் தடவையாக இருக்கும். கூட்டம் எழுந்து நின்றது. டீம்காரர் கையை நெற்றிக்குக் கொண்டுபோய்க் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "கொள்ளாம், நன்னாயிட்டுண்டு" என்றார். மெக்கானிக் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். காது மட்டும் சிவந்திருந்தது.

எண்ணெய் போதாமல் காய்ந்து ஓடும் டூ ஸ்ட்ரோக், பிடித்துக்கொள்வதற்கு முன்னால்தான் மிக இனிமையாகப் பாடும். சத்தம் மெலிந்து கூர்மையாகி வெள்ளிக் கம்பியாக இழையும். இப்போது கேட்பது அந்தக் கம்பியா? குலுக்காததால் எண்ணெய் கலக்கவே இல்லையோ? மூன்று வண்டிகளை முந்தி முன்னே போகிறான், எல்லாரும் கைதட்டுகிறார்கள், நான் ஒருவன் மட்டும் சாவுவீட்டில் நிற்கிறேன். இரண்டாவது ரவுண்டு. அதே சத்தம், இன்னும் அழகாக. ஐயோ, இவ்வளவு அழகாக ஓடாதே சனியனே என்று வாய்விட்டே சொன்னேன்.

மூன்றாவது ரவுண்டில் என் பிரார்த்தனை பலித்தது.

பெட்ரோலைவிட எண்ணெய் கனம். குலுக்காமல் ஊற்றினால் டேங்கின் அடிக்குப் போய்ப் படுத்துக்கொள்ளும். கார்புரேட்டருக்குப் போகும் குழாயும் அடியில்தான் இருக்கிறது. கார்புரேட்டரில் முன்பே நின்ற நல்ல கலவை தீரும் வரைக்கும் சங்கீதம். தீர்ந்ததும் ஒரு கட்டி எண்ணெய் இறங்கியது. வீல் என்ற சத்தம் தொண்டையில் கோழை கட்டியது மாதிரி கரகரத்தது. பிறகு இருமல், பிறகு புகை. நீலமும் வெள்ளையுமாக, ஊரே கொசு ஒழிப்பு நடத்துவது மாதிரி. பக்கத்து வயல் கொக்குகள் மொத்தமும் எழுந்து பறந்தன. மூன்றாவது வளைவில் வண்டி நின்றது.

"எஞ்சின் பிடிச்சுபோயோ?" என்று கேட்டார் டீம்காரர்.

மெக்கானிக்கின் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் எங்கே போனதோ. கூட்டத்தில் யாரோ என்னைக் காட்டினார்கள்: "அவருட்ட கேளுங்க. சத்தத்த வச்சே சொல்லிப்போடுவாரு." எல்லாரும் திரும்பினார்கள். எனக்கு எப்போதும் ஆசையாக இருந்த காட்சி அது. முப்பது பேர் என் வாயைப் பார்க்கிறார்கள்.

கண்ணாடியைச் சரிசெய்தேன். "கடக்காத்து" என்றேன். "ஈரப்பதம் கூடுதல். கார்புரேட்டர்ல பெட்ரோலு எறங்குக ஜெட்டு கொஞ்சம் பெருசாப் போச்சு, அவ்வளவுதான்." என் குரல் எனக்கே பிடித்திருந்தது.

டீம்காரர் மெதுவாகத் தலையாட்டினார். "அப்போ டியூனிங் செரியில்ல" என்றார். மெக்கானிக்கின் தோளில் கனிவாகத் தட்டிவிட்டுக் காரைப் பார்த்து நடந்தார்.

நான் என்ன செய்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது. என் முட்டாள்தனத்தை மறைக்க எட்டிய முதல் பொய்யை எடுத்து அவன் வேலையின் மேலேயே வைத்திருக்கிறேன். அதற்குள் ஓட்டுகிறவன் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டான்.

"ஜெட்டாவது மயிராவது. எண்ணெ கூடிப்போச்சு. வள்ளத்துல இப்படித்தான் இருமும்."

மெக்கானிக் பிளக்கைக் கழற்றினான். கறுப்பாகச் சொட்டியது. டேங்கைத் திறந்து ஒரு விரலை நனைத்துத் தேய்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். கோபமே இல்லை, அதுதான் தாங்கவில்லை.

"நூத்தியிருவது தானண்ணே போட்டிய?"

கார்க் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. நன்றாகப் பராமரித்த கதவு, எண்ணெய் போட்ட கீல். என் காது அந்த நேரத்திலும் வேலை செய்தது, நாய்.

ஓடினேன். ஐம்பது வயதில், தலையணை உறைக்குள், மேடு பள்ளமான மனைகளின் குறுக்கே, அடுக்கி வைத்த எல்லைக் கல்லில் ஒரு தடவை இடறி விழுந்து எழுந்து ஓடினேன். கண்ணாடி எங்கோ போனது. காரின் முன்னால் போய் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றேன்.

"ஜெட்டும் இல்ல, கடக்காத்தும் இல்ல. நான் ஒரு தடவ எண்ணெ போட்டேன். போட்டத மறந்துட்டேன். பயந்துபோயி ரெண்டாவது ஒருக்கா யாருக்கும் தெரியாம பால்புட்டியால ஊத்துனேன். குலுக்கவும் இல்ல. எஞ்சினுல ஒரு குத்தமும் இல்ல சார்."

மைக்காரன் பத்தடி தூரத்தில் நின்றிருந்தான். மைக்கை அணைக்கவில்லை. நான் சொன்னது அத்தனையும் சுசீந்திரம் வரைக்கும் போயிருக்கும். ஸ்டிக்கர் வண்டிக்காரன் சிரித்த சிரிப்பை இங்கே எழுத முடியாது. பால் காய்ச்சியவன் கேட்டான்: "அண்ணே, பால்புட்டில வேற யாருக்காவது குடுக்கணுமா?" நல்ல கேள்வி. நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

டீம்காரர் சிரிக்கவில்லை. "தாங்கள் ஆரு?" என்றார். காரின் கதவைச் சாத்திவிட்டு மெக்கானிக்கை நோக்கித் திரும்பி நடந்தார்.

மதியச் சாப்பாட்டு இடைவேளை. தடம் காலியாக இருந்தது. மெக்கானிக் டேங்கையும் கார்புரேட்டரையும் வடித்து, புகைக்குழாயைக் கழற்றிக் கவிழ்த்து, புது பிளக் மாட்டினான். எண்ணெயைத் தானே அளந்து கலந்தான். "எண்ணெ போட்டாச்சு!" என்று அவன் கத்த, "கேட்டாச்சு!" என்று ஓட்டுகிறவன் கத்தினான். இரண்டு பேரும் சத்தமாகத்தான் கத்தினார்கள், அதில் ஒரு மானக்கேடும் எனக்குத் தெரியவில்லை. முதலில் கொஞ்சம் புகைந்தது. பிறகு தெளிந்தது. டீம்காரர் புகைக்குழாய்க்குப் பின்னால் குந்தி, உள்ளங்கையை நீட்டி அந்தத் துடிப்பை வாங்கிப் பார்த்தார். வைத்தியர் நாடி பார்ப்பது மாதிரி நீண்ட நேரம் பார்த்தார். பிறகு பத்து ரவுண்டு ஓட்டச் சொன்னார். கூட்டம் இல்லை, போட்டி இல்லை, பிரியாணிப் பொட்டலத்தோடு பத்து இருபது பேர். பத்து ரவுண்டும் அந்தச் சத்தம் ஒரு மயிரிழை பிசகவில்லை. நான் தூரத்தில் எல்லைக் கல்லின் மேல் உட்கார்ந்து கேட்டேன். என்னை யாரும் கருத்துக் கேட்கவில்லை.

வண்டியை அணைத்த பிறகு அவர் பேசியதும் எனக்குக் கேட்டது.

"ஒரு எஞ்சின் தராம். அது செரியா ஓடினா பாக்கி எல்லாம் தராம். மஸ்கட்டுக்கு இப்ப போக வேண்டா."

மெக்கானிக் கும்பிட்டான்.

"பின்ன ஒரு காரியம். அந்த ஆளு என்றெ எஞ்சினுக்குப் பக்கத்துல வரப்பிடாது. பட்டறைக்குள்ளயும் வரப்பிடாது."

பதினைந்து வருடப் பழக்கம். அவனுக்கு முதல் கிரைண்டர் கடனுக்குக் கொடுத்தவன் நான். அவன் கல்யாணத்துக்குப் பந்தல்கால் பிடித்திருக்கிறேன். கொஞ்சம் யோசிக்கிற மாதிரி ஒரு நடிப்பாவது நடித்திருக்கலாம், ஒரு தடவை என் பக்கம் திரும்பிப் பார்த்திருக்கலாம்.

அவர் வாயை மூடுவதற்குள், "செரி சார்" என்றுவிட்டான்.